பழகாத காலைப் பழக்குவது: இரு கால்களாலும் கால்பந்து ஆட முழுமையான வழிகாட்டி

ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வலக்கால்காரர்கள் என்பதால், இந்த வழிகாட்டி அவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. இடக்கால்காரர்கள் வலத்தையும் இடத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். பந்தை அடிக்கும் காலை உதைகால் என்றும், அந்த நேரத்தில் தரையில் நின்று உடலைத் தாங்கும் காலை ஊன்றுகால் என்றும் குறிப்பிடுகிறோம்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே கோல் முன்னால் நின்று இடக்காலால் ஓங்கி அடிக்கிறார்கள். பந்து எங்கெங்கோ போகிறது. ஒரு வாரம் கழித்து "எனக்கு லெஃப்ட் வராது" என்று விட்டுவிடுகிறார்கள். இங்கே ஷாட், அதாவது கோலை நோக்கி அடிப்பது, 8-வது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பவையெல்லாம் அந்த ஷாட்டுக்கான அடித்தளம்.

1. எதற்காக, எவ்வளவு வரை

வலக்காலை மட்டுமே நம்பும் ஒருவர் இடது விங்கில் (இடது ஓரத்தில்) பந்தோடு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஸ் போட, அதாவது ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் பந்தை அனுப்ப, அவர் பந்தை நிறுத்தி, உள்ளே இழுத்து, வலக்காலுக்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு டச்சுக்குள் (பந்தை ஒருமுறை தொடும் நேரத்துக்குள்) டிஃபெண்டர் குறுக்கே வந்துவிடுவார். கோலுக்கு முன்னால் உள்ள பெனால்ட்டி பெட்டிக்குள் சரியான நேரத்தில் ஓடிய ஸ்டிரைக்கர் ஆஃப்சைடில், அதாவது டிஃபெண்டர்களைத் தாண்டிய, பாஸ் வாங்க விதி அனுமதிக்காத இடத்தில், போய் நிற்பார்.

விவரமான டிஃபெண்டர் பத்தே நிமிடத்தில் இதைக் கண்டுகொள்வார். அதன்பின் உங்கள் வலக்கால் பக்கத்தை அடைத்து, இடது பக்கத்தை வேண்டுமென்றே திறந்து விடுவார். நீங்கள் அங்கே போக மாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அதற்காக இரண்டு கால்களும் சமமாக வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். 1998 உலகக் கோப்பை ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள், அந்த மட்டத்தில்கூட ஆட்டக்காரர்கள் பழகாத காலை அரிதாகவே பயன்படுத்தினார்கள் என்று கண்டார்கள். ஆனால் பயன்படுத்திய நேரங்களில் வெற்றி விகிதம் மற்றக் காலுக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது. எண்ணிக்கை குறைவு, நம்பகம் அதிகம். அதுதான் சரியான இலக்கு.

ஆகவே இடக்காலுக்கு நான்கு வேலைகள் மட்டும் கொடுங்கள்: வரும் பந்தை வாங்குவது, 15 மீட்டர் வரை தரையோடு பாஸ் கொடுப்பது, பெட்டிக்குள் இருந்து கோல் அடிப்பது, இடது ஓரத்திலிருந்து பந்தை வெளியேற்றுவது அல்லது உள்ளே போடுவது. வளைத்து அடிக்கும் ஃப்ரீ கிக் வலக்காலிலேயே இருக்கட்டும்.

2. தொடங்கும் முன் தேவையானவை

பந்து: ஏறத்தாழ 8 முதல் 12 வயது வரை 4-ஆம் எண் பந்து, அதற்கு மேல் 5-ஆம் எண். காற்றைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். ஆட்ட விதிப்படி 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர் வரை இருக்கலாம். பயிற்சிக்கு 0.6 அல்லது 0.7 போதும், பம்பின் மீட்டரில் 9 முதல் 10 பிஎஸ்ஐ. கல் மாதிரி ஊதிய பந்து புறங்காலில் பட்டால் வலிக்கும். வலித்த அடுத்த கணமே கால் தானாகப் பின்வாங்கப் பழகிவிடும், பிறகு அந்தப் பழக்கத்தை எடுப்பது பெரும்பாடு.

சுவர்: பூச்சு உதிராத, சமமான சுவர், மூன்று மீட்டர் அகலம். அதில் தரையை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்துக்குச் சாக்பீஸால் கட்டம் போடுங்கள்.

காலணி: செம்மண், சிமென்ட், டர்ஃப் எதுவானாலும் குட்டை ரப்பர் ஸ்டட் (அடிப்பகுதிக் குமிழ்) போதும். இறுகிய தரையில் நீள ஸ்டட் இறங்காது. ஊன்றுகால் ஆடும், கணுக்கால் பிசகும்.

நேரம்: வாரம் 4 அல்லது 5 நாள், நாளுக்கு 20 நிமிடம். சிறுவர்களுக்கு 10 நிமிடம். உடலைச் சூடாக்கிய உடனேயே, அணிப் பயிற்சிக்கு முன்பாகச் செய்யுங்கள். பயிற்சி முடிந்து களைத்துப்போன காலில் செய்தால், தப்பான அசைவைத்தான் திரும்பத் திரும்பப் பதிய வைப்பீர்கள்.

முதல் நாள் கணக்கு: 5 மீட்டர் தள்ளி நின்று, கட்டத்தைக் குறிவைத்து ஒவ்வொரு காலாலும் 20 பாஸ் அடியுங்கள். எத்தனை உள்ளே விழுந்தன என்று எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே சோதனை. எழுதி வைக்காவிட்டால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது, சலிப்பு வந்துவிடும்.

3. முதலில் ஊன்றுகால்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். இடக்கால் ஷாட் கோணலாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வலக்காலில் இருக்கிறது. இத்தனை வருடமாக உங்கள் வலக்கால் உதைத்தது, இடக்கால் தாங்கியது. இப்போது வேலையை மாற்றுகிறீர்கள். வலக்காலுக்கு ஒற்றையாக நின்று உடலைத் தாங்கிப் பழக்கமே இல்லை. அது ஆடினால் உதைக்கும் கால் எவ்வளவு சரியாக வீசினாலும் பயனில்லை.

பந்து இல்லாமல் தொடங்குங்கள்.

அ) வெறுங்காலோடு வலக்காலில் மட்டும் நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். 30 விநாடி. முழங்காலை விறைப்பாக நீட்டி நின்றால் எலும்பில் நிற்கிறீர்கள், தசை வேலை செய்யாது.

ஆ) அதே நிலையில் இடக்காலை முன்னும் பின்னும் மெதுவாக 10 முறை வீசுங்கள். இடுப்பு ஆடக் கூடாது.

இ) இரண்டு அடி நடந்து வந்து வலக்காலை ஊன்றி, அப்படியே இரண்டு விநாடி உறைந்து நில்லுங்கள். 10 முறை. தடுமாறாமல் 8 முறை நின்றால் அடுத்ததற்குப் போகலாம்.

ஈ) தரையில் சாக்பீஸால் பந்து அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். அதன் வலப்பக்கம், வட்டத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் வலக்காலை ஊன்றுங்கள். விரல் நுனி இலக்கைப் பார்க்க வேண்டும். குனிந்து பாருங்கள், கால் நீங்கள் நினைத்த இடத்தில் விழுந்திருக்கிறதா என்று. முதல் நாள் பெரும்பாலும் ஒரு சாண் பின்னால்தான் விழுந்திருக்கும்.

ஊன்றுகால் விழும் இடம் பந்தின் போக்கை முன்கூட்டியே சொல்லிவிடும்:

- பந்துக்குப் பின்னால் ஊன்றினால் உடல் மல்லாந்து பந்து மேலே எழும்பும்.
- ஒட்டி ஊன்றினால் கால் வீச இடமில்லாமல் பந்து ஊன்றுகாலிலேயே உரசும்.
- தள்ளி ஊன்றினால் எட்டி அடிக்க வேண்டிவரும். விரல் நுனியில் மட்டும் படும், வேகம் இருக்காது.
- விரல் வலப்பக்கம் திரும்பியிருந்தால் பந்தும் வலப்பக்கம்தான் போகும்.

பின்னால் எந்தப் படியில் பந்து கோணலாகப் போனாலும், முதலில் இந்த நான்கில் எது என்று பாருங்கள். காலை மாற்றி வீசிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

4. பந்தோடு அறிமுகம்

இது சுருக்கமான படி. பந்தின் மேல் உள்ளங்காலை மாறி மாறி வைத்து எடுப்பது, இரு கால்களின் உட்பக்கத்துக்கும் இடையே பந்தைத் தட்டுவது, இடது உள்ளங்காலால் பந்தைப் பக்கவாட்டில் உருட்டுவது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், தினமும் தொடக்கத்தில்.

மூன்று நிமிடத்துக்கு மேல் இதில் செலவழிக்க வேண்டாம். வேடிக்கையாக இருப்பதால் பலர் மாதக்கணக்கில் இதையே செய்கிறார்கள். பந்தின் மீது கூச்சம் போகும், அவ்வளவுதான். பாஸும் ஷாட்டும் இதிலிருந்து வராது.

5. சுவரோடு பாஸ்

மொத்தப் பயிற்சி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். ஆட்டத்தில் அதிகம் வரும் வேலை இதுதான். மேலும் ஷாட்டுக்குத் தேவையான ஊன்றல், கணுக்கால் இறுக்கம், வீச்சு மூன்றும் மெதுவான வேகத்தில் இங்கேயே பழகிவிடும்.

படும் இடம்: பாதத்தின் உட்பக்கத்தில், கணுக்கால் எலும்புக்குக் கீழே, குதிகாலுக்கும் பெருவிரல் அடிக்கும் நடுவில் உள்ள அகலமான பகுதி. விரல்களை மேல்நோக்கி இழுத்துக் கணுக்காலை இறுக்கினால் அந்த இடம் பலகை போல உறுதியாகும். கணுக்கால் தளர்ந்திருந்தால், பந்து பட்டதும் பாதம் திரும்பி வேகத்தை விழுங்கிவிடும்.

முதல் கட்டம்: 3 மீட்டரில், நிற்கும் பந்தை அடித்து, திரும்பி வருவதைக் கையால் எடுத்து மறுபடி வைத்து அடியுங்கள். எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊன்றுகாலைச் சரிபார்க்க இதில்தான் நேரம் கிடைக்கிறது.

இரண்டாம் கட்டம்: 5 மீட்டரில், திரும்பி வரும் பந்தை இடக்காலால் நிறுத்தி, இடக்காலால் அடியுங்கள்.

மூன்றாம் கட்டம்: நிறுத்தாமல் ஒரே டச்சில்.

20-க்கு 16 கட்டத்துக்குள் விழுந்தால் அடுத்த கட்டம், அல்லது தூரத்தை 8 மீட்டராக்குங்கள். 12-க்குக் கீழே போனால் ஒரு கட்டம் பின்னால் வாருங்கள்.

ஐந்து இடக்கால் பாஸுக்கு ஒரு முறை வலக்காலால் அடியுங்கள். அடிக்கும்போது உங்கள் இடுப்பு எப்படித் திரும்புகிறது, கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். அடுத்த இடக்கால் பாஸில் அதை அப்படியே செய்து பாருங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல ஆசிரியர் இருக்கிறார், அது உங்கள் வலக்கால்.

பந்து சரியாகப் பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பைப் பந்தின் நடுவில் ஒரு சுற்று ஒட்டுங்கள். டேப் செங்குத்தாக, சுவரை நோக்கி இருக்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். உருளும்போது கோடு ஆடாமல் நேராகத் தெரிந்தால் நடுவில் அடித்திருக்கிறீர்கள். கோடு பக்கவாட்டில் தள்ளாடினால் பாதம் பந்தைக் குறுக்கே வழித்திருக்கிறது, அடித்த பின் கால் இலக்கை நோக்கிப் போகவில்லை என்று அர்த்தம். பந்து குதித்துக் குதித்துப் போனால் நடுவுக்குக் கீழே பட்டிருக்கிறது.

6. வரும் பந்தை வாங்குவது

பாஸ் கொஞ்சம் வந்தபிறகுதான் இது. பலர் அடிப்பதற்கு மட்டும் இடக்காலைப் பழக்கி, வாங்குவதை வலக்காலிடமே விடுகிறார்கள். ஆட்டத்தில் இடக்காலின் பெரிய பலன் வாங்குவதில்தான் இருக்கிறது.

நடுக்களத்தில் நிற்கும் உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து பந்து வருகிறது. வலக்காலால் வாங்கினால் உடல் பாஸ் கொடுத்தவரைப் பார்த்தே நிற்கும். இடது பக்கம் போக மறுபடி திரும்ப வேண்டும். பந்தை உடலுக்கு முன்னால் கடக்க விட்டு, தூரத்துக் காலான இடக்காலால் வாங்கினால், அந்த டச்சிலேயே உடல் திறந்துவிடும், மொத்த கிரவுண்டும் கண்ணில் படும்.

பயிற்சி: சுவருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், வலத்தோள் சுவர்ப் பக்கம். வலக்காலால் சுவரில் அடித்து, திரும்பி வரும் பந்தை இடக்காலின் உட்பக்கத்தால் வாங்கி, இரண்டு மீட்டர் தள்ளி வைத்த இரு கோன்களுக்கு நடுவே தள்ளுங்கள். கோன் இல்லையென்றால் தண்ணீர் பாட்டில். பந்தைச் செத்த மாதிரி நிறுத்தக் கூடாது. அடுத்து எங்கே போகிறீர்களோ, அங்கே டச் போக வேண்டும்.

பந்து எகிறிப் போனால் கணுக்காலை இறுக்கி வைத்திருக்கிறீர்கள். பாஸுக்கு இறுக்கம், வாங்குவதற்குத் தளர்ச்சி. பந்து படும் கணத்தில் காலைச் சற்றுப் பின்னால் கொடுங்கள். பந்து காலுக்கடியில் நழுவினால் பாதத்தை அதிகம் தூக்கியிருக்கிறீர்கள். பந்தின் பாதி உயரத்துக்கு மேல் தூக்கத் தேவையில்லை.

7. ஓட்டத்தில் பந்தை நகர்த்துவது

ஆறு கோன், ஒன்றரை மீட்டர் இடைவெளி. இடக்காலால் மட்டும், உட்பக்கமும் வெளிப்பக்கமும் மாற்றி மாற்றி நகர்த்துங்கள். ஒவ்வொரு காலடிக்கும் ஒரு டச். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தலையைத் தூக்கிப் பார்க்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். நாளுக்கு ஐந்து சுற்று போதும்.

8. ஷாட்

பாஸ் சோதனையில் 8 மீட்டரில் 16 வந்த பிறகு இங்கே வாருங்கள்.

முதலில் உட்பக்கத்தால் கோல் அடிக்கப் பழகுங்கள். பெட்டிக்குள் கிடைக்கும் வாய்ப்புகளில் பலவற்றுக்குக் குறிதான் தேவை, பலம் அல்ல. கோல் அகலம் 7.32 மீட்டர். இரண்டு கம்பத்திலிருந்தும் ஒரு மீட்டர் உள்ளே கோன் வைத்து, 11 மீட்டர் தூரத்திலிருந்து அந்த இடைவெளிக்குள் தரையோடு அடியுங்கள். வலக்கால்காரரான தென்கொரிய ஆட்டக்காரர் சன் ஹியுங்-மின் 2021–22-இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அடித்த 23 கோல்களில் 12 இடக்காலால் வந்தவை. பெனால்ட்டி ஒன்றுகூட இல்லை. ஓட்டத்தில் எந்தக் காலுக்குப் பந்து வாகாக இருக்கிறதோ, அந்தக் காலால் அடித்ததன் விளைவு அது.

அடுத்து புறங்கால், லேஸ் கட்டும் இடம். இதில் விரல்கள் கீழ்நோக்கி நீட்டி, கணுக்கால் இறுகியிருக்க வேண்டும். விரல்களின் திசை மட்டும் பாஸுக்கு நேர் எதிர். அதைக் கற்க எளிய வழி: பந்தை இரு கைகளாலும் பிடித்து, கீழே விட்டு, முழங்காலுக்குக் கீழே வரும்போது இடப் புறங்காலால் மெதுவாகத் தட்டி மறுபடி கையில் பிடியுங்கள். பந்து சுழலாமல் நேராகக் கைக்கு வந்தால் சரியாகப் பட்டிருக்கிறது. 20 முறை.

பிறகு நிற்கும் பந்து. பின்புறம் வலப்பக்கமாக, சாய்கோணத்தில், இரண்டு மூன்று அடி மட்டும் எடுத்து வாருங்கள். பெரிய தவறு இங்கேதான்: வலக்கால் பழக்கத்தில் பந்தின் இடப்பக்கத்திலிருந்தே ஓடி வருவது. அப்படி வந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், கால் வீச வழியே இருக்காது. கடைசிக் காலடி நீளமாக இருக்கட்டும். வலக்கை பக்கவாட்டில் விரியட்டும், உடல் சாயாமல் பிடிப்பது அந்தக் கைதான். பந்து போன பிறகும் கண் பந்து இருந்த இடத்திலேயே ஒரு கணம் நிற்க வேண்டும்.

முழுப் பலத்தில் பாதியளவோடு தொடங்குங்கள். நேராகப் போனால் மட்டும் கூட்டுங்கள். பிறகு மெதுவாக உருளும் பந்து, அதன்பின் பக்கத்திலிருந்து ஒருவர் தள்ளிவிடும் பந்து.

ஓங்கி அடிப்பது ஒரு நாளைக்கு 25-ஐத் தாண்ட வேண்டாம். பழகாத இடுப்புத் தசையும் உள்தொடைத் தசையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தொடை இடுக்கில் இழுப்பு தெரிந்தால் அன்றைக்கு ஷாட்டை நிறுத்துங்கள். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பலமான ஷாட் பயிற்சியே வேண்டாம், குறிவைத்து அடிப்பது போதும்.

9. எதிராளி இருக்கும்போது

சுவரில் 20-க்கு 18 அடிப்பவர்கூட, ஆட்டத்தில் இடக்காலைத் தொடவே மாட்டார். அவசரத்தில் உடல் பழைய வழியைத் தேடும். அதனால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது.

கோச்சுகள் வழக்கமாக "இடக்கால் மட்டும்" என்று விதி போடுகிறார்கள். அந்த விதியில் ஆட்டம் இயல்பை இழக்கிறது, சிறுவர்கள் பந்து கேட்கவே தயங்குகிறார்கள். மாற்றாக, மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் பழகாத காலால் அடித்த கோலுக்கு இரண்டு புள்ளி கொடுங்கள். வாய்ப்பைத் தாங்களே தேடி இடது பக்கம் நகர்வார்கள். எப்போது பயன்படுத்துவது என்ற முடிவெடுக்கும் திறனும் கூடவே வளரும்.

நான்கு பேர் சுற்றி நின்று நடுவில் ஒருவர் பறிக்க முயலும் பயிற்சியில், வாங்குவது ஒரு காலால், கொடுப்பது மறுகாலால் என்று வையுங்கள். இடம் 8 மீட்டர் சதுரம், திணறினால் 10.

உண்மையான ஆட்டத்தில் அறிமுகப்படுத்தும் வரிசை: முதலில் எதிராளியின் பாதியில், ஓரத்தில், குட்டை பாஸ். பிறகு நடுக்களத்தில் வாங்குவது. பிறகு பெட்டிக்குள் ஷாட். சொந்தக் கோலுக்கு முன்னால் குறுக்கே இடக்கால் பாஸ் கடைசியில்தான். அங்கே ஒரு தவறு கோலாக முடிந்தால், அந்த ஆட்டக்காரர் பல மாதம் இடக்காலைத் தொட மாட்டார்.

பெற்றோருக்கு ஒன்று: கோட்டுக்கு வெளியிலிருந்து "லெஃப்ட்ல அடி, லெஃப்ட்ல அடி" என்று கத்தாதீர்கள். பந்து காலுக்கு வரும் முன்பே பிள்ளையின் கவனம் உங்களிடம் திரும்பிவிடுகிறது.

10. எட்டு வாரத் திட்டம்

நார்வேயின் ஆய்வாளர்கள் ஹாலண்ட், ஹாஃப் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இளம் ஆட்டக்காரர்கள் எட்டு வாரம் முழு ஆட்டத்தைத் தவிர மற்றப் பயிற்சிகளில் பழகாத காலைப் பயன்படுத்தினார்கள். முடிவில் அந்தக் கால் மட்டுமன்றி, பழகிய காலும் சோதனைகளில் முன்னேறியிருந்தது. வலக்கால் துருப்பிடித்துவிடும் என்ற பயம் தேவையில்லை.

வாரம் 1, 2: படி 3, 4 மற்றும் 5-இன் முதல் கட்டம். வாரம் 3, 4: படி 5 முழுவதும், 6-இன் தொடக்கம். வாரம் 5, 6: படி 5, 6, 7, கூடவே புறங்காலால் தட்டிப் பிடிப்பது. வாரம் 7, 8: ஷாட்டும் சிறு ஆட்டங்களும். ஊன்றுகால் பயிற்சி மட்டும் எட்டு வாரமும் தினம் இரண்டு நிமிடம் இருக்கட்டும். வாரக் கணக்கைவிடச் சோதனை எண்தான் முக்கியம், 16 வராமல் முன்னே போகாதீர்கள்.

11. முன்னேற்றம் நின்றுபோனால்

நான்காவது, ஐந்தாவது வாரத்தில் எண் ஏறாமல் நிற்பது சகஜம். பயிற்சி நேரத்தைக் கூட்டாதீர்கள், போனை எடுங்கள்.

நேர் பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று என இரண்டு ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள், ஒவ்வொரு காலுக்கும். பந்தில் கால் படும் கணத்தில் நிறுத்தி, இரண்டு கால்களையும் அடுத்தடுத்து ஒப்பிடுங்கள். பக்கவாட்டுப் படத்தில்: ஊன்றுகால் பந்துக்கு நேராக இருக்கிறதா, முழங்கால் பந்துக்கு மேல் வந்திருக்கிறதா? பின்பக்கப் படத்தில்: இடைவெளி எவ்வளவு, விரல் எந்தத் திசை, எதிர்க்கை விரிந்திருக்கிறதா?

இரண்டு மூன்று வித்தியாசங்கள் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயன்றால் ஒன்றும் நிற்காது. தரைக்கு மிக அருகில் இருப்பதை முதலில் எடுங்கள்: ஊன்றும் இடம், பிறகு விரல் திசை, பிறகு முழங்கால், கடைசியில் கை. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் கொடுத்து, மறுபடி வீடியோ எடுத்துப் பாருங்கள்.